வைக்கோலுக்குள் பதினொரு மங்குஸ்தான்

அந்த ஐந்து நாளும் விடிந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தப் பழங்களை அமுக்கிப் பார்த்ததுதான்.

அடுப்படி மூலையில் ஒரு பழைய மண்பானை. அதற்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் பதினொரு பழங்கள். எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரியவை. கத்தரிக்காயை நெருப்பில் வாட்டினால் வரும் கறுப்புச் சிவப்பு நிறம். காம்பைச் சுற்றி நாலு தடித்த மூடிகள். அடிப்பக்கத்தில் மட்டும் யாரோ ஊசியால் செதுக்கியதுபோல ஒரு சின்னப் பூ.

முதல் நாள் அமுக்கியபோது பழம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. இரண்டாம் நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் என் கட்டைவிரல்தான் வலித்தது.

நான் அறிந்த பழமெல்லாம் நாளாக நாளாக இளகும். இது இறுகிக்கொண்டே போனது.

இடுப்பில் என் மகள் கோமதி. அப்போது வயது ஒன்றரை. மணல்வாரி அம்மை கண்டு இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. பொரி உதிர்ந்துவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டது, தலைக்கு மூன்று தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. ஆனால் சாப்பாடு மட்டும் உள்ளே போகவில்லை. கஞ்சி, பருப்புச் சோறு, இட்லி, வாழைப்பழம், எதை வைத்தாலும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். பாலாடைச் சங்கில் சீனித் தண்ணீரை ஊற்றினால் நாலு மடக்கு. அவ்வளவுதான்.

அறந்தாங்கியிலிருந்து வந்து பார்த்த டாக்டர், "இனி மருந்து வேண்டாம் அம்மா. சாப்பாடு இறங்கினால் பிள்ளை தேறிவிடும்" என்றார். இறங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு போன வேகத்திலேயே பதில் இருந்தது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் மணமேல்குடியின் உப்புக் காற்றைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர், "காத்துக்கே ரெண்டு பக்கமா?" என்று கேட்டார். இந்த வாரம் காற்று இல்லை. பழம்தான்.

வேலிக்கு மேலாக வந்த கூடை

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. அந்தப் பக்கம் இருந்தவர் ஆசியா ராத்தா. அவர்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். அவருடைய கணவருக்குப் பினாங்கில் துணிக்கடை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்குவார்.

அந்த முறை அவர் வந்த அன்று அந்த வீடு முழுவதும் ஆட்கள். சாயங்காலம் வேலிக்கு மேலாக ஒரு ஓலைக்கூடை எட்டிப் பார்த்தது. பின்னாலேயே ராத்தாவின் முகம்.

"தங்கச்சி, இந்தா புடி. பினாங்குப் பழம். புள்ளைக்குக் குடு. வாய்க்குப் புடிக்கும்."

"என்ன பழம் ராத்தா இது?"

"மங்குஸ்தான். மேலே கெடக்குறது ரம்புத்தான். இரு, கூப்புடுறாங்க. வந்து சொல்றேன்."

வந்து சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் நேர்த்திக்கடன் செலுத்தக் குடும்பத்தோடு தர்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். வர நாலைந்து நாளாகும் என்று வண்டிக்காரர் சொன்னார்.

கூடையில் மேலாக இருந்த ரம்புத்தான் பழத்தைப் பார்த்ததும் என் நாத்தனார் சிவகாமி மதினி இரண்டடி பின்னால் போனார். மதினி என் கணவருக்கு மூத்தவர். மாமியார் இல்லாத வீட்டில் அவர் வாக்குத்தான் சட்டம். புருஷன் வீடும் அதே தெருவில் இருந்ததால் அந்தச் சட்டம் காலையில் வந்து விளக்கு வைத்த பிறகே திரும்பிப் போகும்.

"ஆத்தாடி! இது என்னத்தா, பழமா, கம்பளிப்பூச்சிக் கூடா?"

பழம் முழுக்க முடி. மரத்திலிருந்து பறித்த அன்று சிவப்பாக இருந்திருக்குமாம். கப்பலில் வந்ததில் கறுத்துச் சுருண்டு கிடந்தது. மதினி ஒன்றை அரிவாள்மனையில் வைத்துப் பிளந்தார். புளித்த வாடை அடித்தது. மற்றொன்று நன்றாக இருந்தது. என் கணவர் வாயில் போட்டுக்கொண்டு, "நுங்கு மாதிரி இருக்குக்கா" என்றார். அன்று ராத்திரி பச்சை நிலக்கடலையை மடி நிறையத் தின்றுவிட்டு அவருக்கு வயிறு கலங்கியது. பழி ரம்புத்தான் மேல் விழுந்தது. கூடையில் மிச்சமிருந்த ரம்புத்தான் எல்லாம் குப்பைக்குழிக்குப் போனது.

அடியில் பன்னிரண்டு மங்குஸ்தான் இருந்தன.

காக்கை சொன்ன தீர்ப்பு

புதிதாக எது வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. முதலில் காக்கைக்கு வைக்க வேண்டும். காக்கை தொட்டால் சாமிக்கு. சாமிக்கு வைத்த பிறகுதான் மனிதருக்கு.

மதினி ஒரு மங்குஸ்தானைக் கூரை ஓட்டின் மேல் வைத்தார். காக்கை வந்தது. ஒரு கொத்து, இரண்டு கொத்து. பழம் உருண்டது. காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"பாத்தியா? காயி. பழுக்கலை" என்றார் மதினி. "வாத்தியாரு பொண்டாட்டிக்கு இது தெரியலை. காக்காய்க்குத் தெரியுது."

காயைச் சாமிக்கு வைக்கக்கூடாது. சாமிக்கு வைக்காததைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. ஆகவே பழுக்க வைக்க வேண்டும். மாங்காயை எப்படிப் பழுக்க வைப்போமோ அப்படியே வைக்கோலுக்குள் மூடி வைத்தார். வெள்ளிக்கிழமை படையலுக்குள் பழுத்துவிடும் என்பது அவர் கணக்கு.

இதில் மதினியைக் குறை சொல்லி என்ன பயன்? காம்பைப் பார்த்து மாம்பழம் பழுக்கும் நாளைச் சொல்லக்கூடியவர் அவர். தவறாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. கடல் தாண்டி வந்த பழத்துக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்துவிட்டார்.

குற்றம் என்னுடையது. முதல் நாள் என் விரலுக்குப் பழம் விட்டுக்கொடுத்தது எனக்குத் தெரியும். 'இது இன்றைக்கே பழம்தானோ?' என்று மனசு ஒரு முறை கேட்டது. கேட்டதை வாய் சொல்லவில்லை. சொல்லி, கொடுத்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பேசாமல் வைக்கோலை மூடினேன். இரண்டாம் நாள் அதே கேள்வி. அதே மூடல்.

ஆப்பிளும் கள்ளிப்பழமும்

நான் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

புதுக்கோட்டையில் எங்கள் அப்பா அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. ஒருநாள் அவருடைய மேலதிகாரி வீட்டிலிருந்து ஓர் ஆப்பிள் வந்தது. ஒன்றே ஒன்று. அம்மா அதை மூன்று நாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் பதினாறு துண்டாக நறுக்கினார். எனக்குக் கிடைத்தது வெற்றிலைக் காம்பளவு. எல்லாரும் 'ஆகா' என்றார்கள். நான் மட்டும், "மரத்தூளு மாதிரி இருக்கு" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஆனால் நான் சொன்னது உண்மை.

இன்னொரு தடவை, குடுமியான்மலைக்கு மாட்டுவண்டியில் போனோம். வண்டி நின்ற இடத்தில் சப்பாத்திக்கள்ளி புதராக நின்றது. அதில் சிவப்புச் சிவப்பாகப் பழம். முள்ளுக்கு நடுவில் கையை விட்டுப் பறித்து, மண்ணில் உருட்டித் தேய்த்து, கடித்தேன். சாறு வாயெல்லாம், கழுத்தெல்லாம் வழிந்தது. என்னைப் பார்த்த அம்மா, நான் ரத்தம் கக்குகிறேன் என்று நினைத்து நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

"பழம்மா! இனிக்குதும்மா!" என்று நான் நாக்கை நீட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு விழுந்த அடியை விடுங்கள். மூன்று நாள் நாக்கில் சின்ன முள் குத்திக்கொண்டே இருந்தது. மூன்று நாளும் இனித்தது.

அப்படிப்பட்டவள் தாயான பிறகு ஒரு வாழைப்பழத்தைக் கொடுக்கக்கூட நாலு பேரைக் கேட்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் முதலாவதாக வந்தவள் நான். அந்தப் பாடம் எனக்குக் கொடுத்ததெல்லாம் பயப்படுவதற்குப் புதுப்புதுப் பெயர்கள்தான். தான் தின்பதற்கு நாக்கு போதும். பிள்ளைக்குக் கொடுப்பதற்கு வேறு ஏதோ வேண்டியிருக்கிறது.

"இன்னுமா தின்னலை?"

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. கட்டைவிரல் வலித்தது என்றேனே, அன்றுதான். காலையில் கோமதி சீனித் தண்ணீரையும் துப்பினாள். அழக்கூட இல்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் ஓடினேன்.

"வா தங்கச்சி. புள்ளை எப்படி இருக்கா? பழத்தைத் தின்னாளா?"

"இன்னும் பழுக்கலையே ராத்தா."

ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னது?"

"வைக்கோல்ல வச்சிருக்கோம். நாளுக்கு நாளு இறுகிக்கிட்டே போகுது."

"யா அல்லா! இன்னுமா தின்னலை? அது பழுத்துத்தானே கப்பல்லயே வந்துச்சு! நாளாச்சுன்னா தோலு கல்லாப் போகும், உள்ளே சீக்குப் புடிச்சுப்போகும். படிச்ச புள்ளை நீ, பழத்தைப் போயி வைக்கோல்ல வச்சியா?"

ராத்தா சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வரவில்லை. கிளுவை வேலியில் இருந்த சந்தில் சேலை மாட்டிக் கிழியப் புகுந்து வந்தார்.

அடுப்படியில் மதினி மீன் அலசிக்கொண்டிருந்தார். நான் பானையைக் கவிழ்த்தேன். வைக்கோலோடு பதினொரு பழங்களும் உருண்டன.

"ஏத்தா, என்ன பண்றே? நாளைக்கு வெள்ளிக்கிழமை. படையலு போட்டுட்டுத்தான் தொடணும்."

"மதினி, அது காயி இல்லையாம். பழமாம். கெட்டுக்கிட்டு இருக்காம்."

"கெட்டுச்சுன்னா போகுது. ஒரு நாளையில என்ன வந்துறப்போகுது? சாமிக்குக் காட்டாம புள்ளைக்கு ஊட்டுவியா?"

அந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷத்தில் மதினிக்கு நான் ஒரு சொல் எதிர்த்துச் சொன்னதில்லை. அன்று சொன்னேன். சத்தமாகக்கூட இல்லை.

"சாமி ஒரு நாள் பொறுக்கும் மதினி. இவ பொறுக்க மாட்டா."

மதினியின் கையில் மீன் அப்படியே நின்றது. அவர் கோமதியைப் பார்த்தார். பிறகு குனிந்து மீனை அலச ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கதவிடுக்கு

முதல் பழத்தை அம்மிக்குழவியால் தட்டினேன். பதற்றத்தில் ஓங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஓடும் சதையும் ஒன்றாக நசுங்கி, ஊதாச் சாறு என் சேலையில் தெறித்தது. அந்தக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகவில்லை.

"கொல்லாதே அதை. இங்கே கொண்டா" என்றார் ராத்தா. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பழத்தை வைத்து, கதவை மெல்ல நெருக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். பழம் ஓட்டாஞ்சில்லாக உடைந்தது.

உள்ளே மஞ்சள் பிசின். பழுப்பாகக் கனிந்து அழுகிய சதை. ராத்தா அதைத் தூரப் போட்டார்.

அடுத்தது. அதுவும் பிசின்.

அடுத்தது. அதுவும்.

முதல் நாளே கொடுத்திருந்தால் பதினொன்றும் நன்றாக இருந்திருக்கும். நான் மூடிய ஒவ்வொரு தடவையும் வைக்கோலுக்குள் ஒவ்வொரு பழமாகச் செத்திருக்கிறது.

ஐந்தாவது பழம் உடைந்தது. ராத்தா அதை என் முன்னால் நீட்டினார்.

சிவப்புக் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று சுளைகள், வட்டமாக, ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு. அவ்வளவு கறுத்த தோலுக்குள் அவ்வளவு வெள்ளையை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

மதினி கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இது பூண்டுல்ல!"

"பூண்டா? தின்னு பாருங்க மதினி, அப்புறம் பேசுங்க" என்ற ராத்தா பழத்தின் அடியைத் திருப்பிக் காட்டினார். "இந்தா, பூ மாதிரி இருக்குல்ல? இதுல எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. எண்ணிக்கிடுங்க."

மதினிக்கு மீன் மறந்துபோயிற்று. எண்ணினார். இதழும் ஆறு. சுளையும் ஆறு. "அடேயப்பா, கணக்கா வச்சிருக்கான்யா" என்றார். கடவுளைத்தான் சொன்னார்.

ராத்தா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்று. நாக்கில் வைத்ததும் அது கரைந்தது. இனிப்பு முதலில் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சின்னப் புளிப்பு ஓடி வந்து இனிப்பின் கையைப் பிடித்துக்கொண்டது. சீதாப்பழம் என்று சொல்ல முடியாது, நுங்கு என்றும் சொல்ல முடியாது. கள்ளிப்பழத்தைத் தின்ற அந்தப் பெண் எனக்குள் இருந்து, 'கொடுடி' என்றாள்.

பெரிய சுளையில் கொட்டை இருந்தது. அது வேண்டாம். கொட்டை இல்லாத சின்னச் சுளை ஒன்றை எடுத்தேன். தொண்டையில் அடைத்துவிட்டால் என்ற பயம் வந்தது. அதை இரண்டாகக் கிள்ளினேன். கோமதியின் உதட்டருகில் கொண்டுபோனேன். உதடு இறுகியது.

சாற்றை மட்டும் கீழுதட்டில் தடவினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கின் நுனி வெளியே வந்தது. உதட்டைத் தொட்டது. உள்ளே போனது. மறுபடி வந்தது, இந்த முறை தேடிக்கொண்டு. அவள் சுவரைப் பார்ப்பதை விட்டு என் கையைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தாள்.

மூன்று வாரமாக எனக்குக் காட்டாத வாய். உள்ளே கடைவாயில் ஒரு பல் புதிதாக முளைத்திருந்தது. எப்போது முளைத்தது என்று எனக்குத் தெரியாது. அரைச் சுளையை வைத்தேன். மென்றாள். விழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். மறுபடி வாயைத் திறந்தாள். நான் கொடுக்கத் தாமதித்தபோது என் விரலைப் பிடித்து வாய்க்குள் இழுத்துக் கடித்தாள். புதுப் பல் நன்றாகவே பதிந்தது.

"கடிக்கிறாளா? கடிக்கட்டும், கடிக்கட்டும்!" என்று ராத்தா கைகொட்டினார்.

பதினொன்றில் நாலுதான் தேறின. நாலையும் கோமதி காலிபண்ணினாள். கொட்டை இருந்த சுளைகளை நான் பிழிந்து கொடுத்தேன். மதினி கேட்காமலே ஒரு சுளையை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். "முன்னே பின்னே ஆனாலும் குடுத்தாச்சு" என்றார். கும்பிட்ட சுளையையும் கோமதி வாயிலேயே போட்டார்.

இப்போது பினாங்குக் கப்பல் இல்லை. யுத்தம் அந்தக் கடலை மூடிவிட்டது. ராத்தாவின் கணவரிடமிருந்து கடிதம் வந்து பல மாதம் ஆகிறது. அவர் நலமாக வந்து சேர வேண்டும் என்று நானும் மதினியும் வேண்டாத நாள் இல்லை. கடல் மூடுமுன் இன்னும் இரண்டு தடவை கூடை வந்தது. இரண்டு தடவையும் வேலி ஓரத்திலேயே உடைத்துத் தின்றோம். காக்கைக்கு ஓடுதான் மிஞ்சியது.

மதினியின் தட்டு

ஆனால் நான் சொல்ல வந்த கதை இன்னும் முடியவில்லை.

பழம் உடைத்த அந்த வியாழக்கிழமை மத்தியானம் மதினி சாப்பிட உட்கார்ந்தார். தட்டு நிறையச் சோறு, மேலே கிளங்கான் மீன் குழம்பு. வீட்டில் பெரியவர்களுக்கு மீன் சமைக்க ஆரம்பித்திருந்தோம். மணல்வாரி கண்ட பிள்ளைக்கு மட்டும் ஒரு மாதம் கவிச்சி ஆகாது என்பது மதினி போட்ட கட்டளை. கோமதியைப் பாயில் விட்டுவிட்டு நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

மதினி அலறும் சத்தம் கேட்டது. "ஏய்! ஏய்! கவிச்சிடி!"

திரும்பிப் பார்த்தேன். நாலு நாளாகத் தலையைத் தூக்காத பிள்ளை பாயிலிருந்து தவழ்ந்து போயிருக்கிறாள். ஒரு கை தட்டு விளிம்பில். இன்னொரு கை குழம்புச் சோற்றுக்குள் மணிக்கட்டுவரை. அள்ளிய சோறு பாதி வாயிலும் பாதி மார்பிலும்.

பிடுங்க வேண்டும் என்று கை துடித்தது. கவிச்சி ஆகாது. காரம் ஆகாது. சுகாதாரப் புத்தகம் என்ன சொல்லியிருக்கும்? மதினி என்ன சொல்வார்? நான் மதினியைப் பார்த்தேன். மதினி என்னைப் பார்த்தார். கோமதி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. காரத்தில் மூக்கு ஒழுக, கண் கலங்க, மென்று விழுங்கினாள். அடுத்த பிடியை அள்ளினாள்.

சோறு. மூன்று வாரத்துக்குப் பிறகு, சோறு.

மதினி தட்டைத் தன் பக்கம் இழுப்பார் என்று நினைத்தேன். அவர் அதை மெல்லப் பிள்ளையின் பக்கம் தள்ளினார். முந்தானையால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சீறினார்:

"என்னத்தா மரம் மாதிரி நிக்கிறே? உக்காந்து முள்ளை எடுத்துக் குடு! புள்ளை பசியா இருக்கால்ல!"

உட்கார்ந்தேன். மீனைப் பிரித்து, வெளிச்சத்தில் காட்டி, விரலால் நாலு தடவை தடவிப் பார்த்து முள் எடுத்தேன். ஒவ்வொரு வாயையும் அவள் என் கையிலிருந்து பறித்தாள்.

அன்று மதினிக்கு நான் வேறு தட்டு வைத்து, புதிதாகச் சோறு போட வேண்டியதாயிற்று.